பச்சை குத்திய கையும் பிறநாட்டு நீராடுதுறையும்

(சங்கத்தின் வாலிபர் பகுதியினர் கூட்டிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே பேச வருவோர் திருமுறைகளையோ புராணங்களையோ எடுத்துப் பேசுவதே வழக்கம். ஆனால், செயலாளர் அவர்கள் என்னிடம் வந்து, “நீங்கள் யப்பானிலே ஒன்பது வருஷம் இருந்தவர், அங்கே போகப்போகும் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கள்” என்று கேட்டபோது, நான் இந்த விஷயத்தைத்தான் தெரிந்தெடுத்தேன். பச்சை குத்திய உடம்போடு அந்நாட்டுக்குச் செல்லும் ஒருவருக்கு நீச்சல் தடாகத்திலும், ஜிம் என்று பிள்ளைகள் சொல்லும் தேகாப்பியாச சாலையிலும், வெந்நீர்க் குளிப்பிடங்களிலும் என்ன நேரும் என்பதே அது. இது அற்ப விஷயம் என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் எண்ணக்கூடும். பின்வரிசையில் இருக்கும் தம்பிமாரின் சட்டைக் கைகளைச் சற்று உயர்த்திப் பார்த்தால் அது அற்பமன்று என்பது விளங்கும்.

பச்சை குத்துவது நம்மவருக்குப் புதிய பழக்கமன்று. தமிழ்நாட்டிலே குறத்தியர் ஊர் ஊராகச் சென்று கிராமத்துப் பெண்களின் கைகளிலே கோலமும் புள்ளியும் பெயரும் குத்தினர். இன்று அது மின்சார ஊசிக்கு மாறியிருக்கிறது. தேளும் கோலமும் போய், ஓங்காரமும் வேலும் திரிசூலமும் அம்மாவின் பெயரும் வந்திருக்கின்றன. குத்துகிற பிள்ளை பக்தியினாலோ பாசத்தினாலோ குத்துகிறது. சிலவேளை சிநேகிதன் குத்தினான் என்பதற்காகவும் குத்துகிறது. எதற்காகக் குத்தினாலும், அதிலே களவுமில்லை, காடைத்தனமுமில்லை. ஆனால், அதே அடையாளத்தை வேறொரு தேசத்தார் பார்க்கும்போது அவர்கள் வாசிப்பது நம்முடைய எழுத்தையன்று, தங்களுடைய சரித்திரத்தை.

அந்தச் சரித்திரத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதை அறியாதவரையில் அங்குள்ளவர் செய்வது வெறும் மூடத்தனமாகவே நமக்குத் தோன்றும்.

யப்பானியர் உடம்பிலே உருவெழுதும் வழக்கம் மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டுச் செய்திகளைச் சொல்லும் சீனச் சரித்திர நூலொன்றே அத்தீவுகளின் ஆடவர் முகத்திலும் உடலிலும் பச்சை குத்தியிருந்தனர் என்று கூறுகின்றது. வடக்கே ஐனு என்னும் ஆதிக்குடிகளின் பெண்கள் வாயைச் சுற்றியும், தெற்கே ஒகினாவாத் தீவுகளின் பெண்கள் புறங்கைகளிலும் பச்சை குத்துவது அவர்களுக்கு அழகும் மரியாதையுமாயிருந்தது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் தண்டனை. 1720ஆம் ஆண்டிலே தொக்குகாவா அரசாங்கம், திருடர் முதலியோரின் கையிலே கறுப்புப் பட்டை குத்தும் தண்டனையை ஏற்படுத்தியது. சில பிரதேசங்களிலே நெற்றியிலும் குத்தினர். ஊருக்கு ஊர் அடையாளம் வேறு. ஆகவே ஒருவனைக் கண்டதும் அவன் எந்த ஊரிலே தண்டிக்கப்பட்டவன் என்று சொல்லிவிடலாம். அப்பட்டையை மறைப்பதற்காகவே பலர் அதன்மேற் பெரிய சித்திரம் எழுதுவித்தனர் என்பர். 1827ஆம் ஆண்டளவிலே குனியோஷி என்னும் ஓவியர், சீனக் கதையொன்றிலே வரும் நூற்றெட்டு வீரர்களை உடல் நிறைந்த சித்திரங்களோடு வரைந்து வெளியிடத் தொடங்கினார். அப்படங்களைக் கண்டு தீயணைக்கும் படையினரும் பல்லக்குச் சுமப்போரும் தச்சரும் முதுகு நிறையக் குத்திக்கொண்டனர். தீயணைப்போர் விரும்பியது மழைக்கும் நீருக்கும் உரிய நாகத்தின் உருவம். நெருப்புக்குள்ளே போகிறவன் நீரின் தெய்வத்தை முதுகிலே சுமந்து போகிறான். வேலைக் கையிலே குத்தும் நம் பிள்ளைக்கும் அவனுக்கும் மனத்தளவிலே அதிக தூரமில்லை.

1872ஆம் ஆண்டிலே மெய்ஜி அரசாங்கம் பச்சை குத்துவதை அடியோடு தடைசெய்தது. மேல்நாட்டார் கண்டால் தங்களை நாகரிகமற்றவர் என்பார்களே என்ற வெட்கமே காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த மேல்நாட்டாரே அங்கு வந்து ஆசையோடு குத்திக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் இளவரசராயிருந்தபோது 1881இல் யப்பானிலே கையிற் குத்திக்கொண்டார். ருஷியாவின் கடைசிச் சக்கரவர்த்தியாகிய நிக்கலஸ், பட்டத்திளவரசராய் 1891இல் வந்தபோது அவரும் அப்படியே செய்தார். தன் குடிகளுக்கு விலக்கியதை விருந்தாளிக்கு விற்ற சட்டம் அது. ஐனுப் பெண்களுக்கும் ஒகினாவாப் பெண்களுக்கும் அந்தத் தடையால் வந்த துன்பம் பெரிது. பாட்டிக்குப் பெருமையாயிருந்தது பேர்த்திக்குக் குற்றமாயிற்று. தடை நீங்கியது 1948ஆம் ஆண்டிலேதான்.

இந்த எழுபத்தாறு வருஷத்திலே ஒளிந்து குத்தியவர் யார்? பயமில்லாதவர்களும் சட்டத்தை மதியாதவர்களும். யக்குசா என்று சொல்லப்படும் காடையர் கூட்டத்தாருக்கு முதுகு நிறைந்த சித்திரம் ஓர் அடையாளமாயிற்று. ஊசியின் வேதனையைத் தாங்கியவன், இனி ஊரோடு சேர்ந்து வாழத் திரும்பமாட்டான் என்பதற்கு அது சாட்சி. 1960களில் வந்த காடையர் சினிமாப் படங்கள் அந்த எண்ணத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1992இல் அக்கூட்டங்களை அடக்கும் சட்டம் அமுலுக்கு வந்தது. 2011க்குள் எல்லாப் பிரதேசங்களிலும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாதென்ற கட்டளைகளும் வந்தன. இப்போது ஒரு குளிப்பிடத்துக்காரனின் நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். வாசலில் வந்து நிற்பவனிடம், “ஐயா, நீர் காடையரோ?” என்று கேட்க முடியுமா? கேட்டால் அவன் ஆமென்பானா? ஆகவே, “பச்சை குத்தியவர்களுக்கு அனுமதியில்லை” என்று ஒரு பலகையை மாட்டிவிட்டான். கேள்வியுமில்லை, சண்டையுமில்லை. பலகை பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பலகைக்கு முன்னாலே போய் நின்றவர்களுள் நம் தேசத்துத் தம்பி ஒருவரும் இருந்தார். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர். 2019ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே யப்பான் அரசாங்கம் திறனுள்ள தொழிலாளருக்கென்று புதிய விசாவைத் தொடங்கியதும், அவ்வருஷம் ஆனி மாதத்திலே இலங்கை அதற்கு உடன்படிக்கை செய்துகொண்டதும் உங்களுக்குத் தெரியும். அந்த வழியாலே வந்த பிள்ளை. கடற்கரையிலே பிறந்து வளர்ந்தவராகையால் நீந்தாமல் இருக்கமாட்டார். ஆடி மாத வெயிலிலே ஒரு நகரசபைத் தடாகத்துக்குப் போய்ச் சீட்டும் வாங்கி, சட்டையைக் கழற்றி, தண்ணீர்க் கரைக்கு வந்துவிட்டார். காவற்காரப் பையன் ஓடிவந்து இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னே குறுக்காக வைத்துக் காட்டியிருக்கிறான். அது அந்நாட்டிலே “கூடாது” என்பதற்கு அடையாளம். தம்பியின் மேற்கையிலே ஓங்காரம்.

இரவு தொலைபேசியிலே என்னைக் கூப்பிட்டார். “அண்ணை, என்னை உள்ளுக்கு விடமாட்டினமாம். காசைத் திருப்பித் தந்தவை. கும்பிட்டுக் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டவை. ஆனால் பக்கத்தில நிண்ட தாய் ஒராள் பிள்ளையை இழுத்துக்கொண்டு அங்கால போனவ. அதுதான் அண்ணை தாங்கேலாமக் கிடக்கு. ஓம் எழுதினது குற்றமோ?”

குற்றமில்லை என்று சொன்னேன். ஆனால் அந்தத் தாயும் குற்றவாளியல்லள். அவள் கண்டது ஓங்காரத்தையன்று. சின்ன வயதிலே தன் தகப்பன், “அப்படிப்பட்டவர்களைக் கண்டால் விலகிப் போ” என்று சொல்லிவைத்த ஒன்றை. இதை அவருக்கு விளங்கப்படுத்த ஒரு மணி நேரமாயிற்று. விளங்கிய பின்னும் நோவு போகவில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவுமில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948இல் இயற்றப்பட்ட பொதுக் குளிப்பிடச் சட்டம் ஒன்று அங்கே உண்டு. தொற்றுநோய் உள்ளவரையும் நீரை அசுத்தஞ் செய்பவரையும் மறுக்கலாம் என்று அது கூறுகிறது. பச்சை குத்தியிருப்பது மட்டும் அச்சட்டத்தின்படி மறுப்பதற்குக் காரணமாகாது என்று 2017இல் அரசாங்கமே பாராளுமன்றத்துக்கு எழுத்து மூலம் பதிலளித்தது. அப்படியானால் பலகைகளெல்லாம் சட்டவிரோதமோ என்றால் அதுவுமில்லை. அவை அந்தந்த நிலையத்தாரின் சொந்த விதிகள். உடம்பிலே பச்சை இருப்பது எந்தச் சட்டத்தாலும் குற்றமன்று. குத்துவது குற்றமா என்ற வழக்குக்கூட ஒன்று நடந்தது. வைத்தியர் அல்லாதவர் ஊசியேற்றலாமா என்று ஒசாக்காவிலே ஒரு கலைஞர்மீது வழக்குத் தொடர்ந்து, 2017இல் தண்டமும் விதித்தார்கள். 2018இல் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2020 புரட்டாதியிலே உயர் நீதிமன்றமும், இது வைத்தியத் தொழிலன்று என்று தீர்த்துவிட்டது. ஆனால், நீதிமன்றத்தின் தீர்ப்பு தடாகக் கரையிலே நிற்கும் தாயின் காதுக்கு எட்டுவதற்கு இன்னும் காலம் செல்லும்.

எத்தனை இடங்களிலே மறுக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2015இல் அந்நாட்டு உல்லாசப் பிரயாணத் துறையினர் விடுதிகளையும் குளிப்பிடங்களையும் விசாரித்தபோது, பதிலளித்த அறுநூறு இடங்களளவிலே 56 சதவீதம் மறுப்பதாகவும், 31 சதவீதம் மறுப்பதில்லையென்றும், 13 சதவீதம் மறைத்துக்கொண்டால் விடுவதாகவும் கூறின. தம்பிமார் கவனிக்க வேண்டியது 56ஐ அல்ல, மற்ற 44ஐ. கதவு மூடியது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒன்பது வருஷம் வெந்நீர் ஊற்றின் பக்கமே போகாமல் ஊருக்குத் திரும்பிய நம்மவரை எனக்குத் தெரியும். நம்முடைய கன்னியா ஏழு கிணறுகளிலே வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிச் சுகங்கண்டவருக்கு, பனி கொட்டும்போது கழுத்தளவு வெந்நீரிலே அமிழ்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

திறந்திருக்கும் கதவுகள் எவை? முதலாவது, சென்தோ என்னும் அயலூர்ப் பொதுக் குளிப்பிடங்கள். வீட்டிலே குளியலறை இல்லாதோருக்காக ஏற்பட்டவை. கட்டணத்தையும் பிரதேச அரசே வரையறுக்கிறது. அவற்றிலே பெரும்பாலானவை பச்சையைப் பார்ப்பதில்லை. பேர்போன வெந்நீர் ஊர்களிலும், கினொசாக்கியிலுள்ள ஏழு பொதுக் குளிப்பிடங்களும், மத்சுயாமாவின் தோகோ குளிப்பிடமும் பச்சை குத்தியவரை ஏற்பவை. பெப்பு நகரத்தார் 2019இல் ரக்பி உலகக் கிண்ணப் போட்டிக்கு வரும் வெளிநாட்டாரை எண்ணி, பச்சையோடு போகக்கூடிய நூறு குளிப்பிடங்களைக் காட்டும் படமே வெளியிட்டார்கள். அதே போட்டிக்கு வந்த சமோவா நாட்டு வீரர்கள், பச்சை குத்துவது தங்கள் குலத்தின் பெருமையாயிருந்தும், பொது நீராடுமிடங்களுக்குப் போகும்போது தோல் நிறமுள்ள உறைகளைக் கையிலே மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆஜானுபாகுகளை எவர் கட்டாயப்படுத்தியிருக்க முடியும்? அவர்களாக விரும்பிச் செய்த மரியாதை அது. அதற்காகச் சமோவாவின் பெருமை ஓர் அணுவும் குறையவில்லை.

நீச்சல் தடாகத்துக்கு வழி சுலபம்: உடம்போடு ஒட்டிய நீளக்கை நீச்சற்சட்டை. பல தடாகங்கள் அதை அணிந்தால் ஒன்றும் சொல்வதில்லை. வெந்நீர்க் குளிப்பிடத்திலே அது முடியாது. அங்கே ஒரு நூலும் இல்லாமல்தான் நீரில் இறங்க வேண்டும், சிறு துவாயைக்கூட நீரிலே தோய்க்கக் கூடாது. முதல் நாள் நம் பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டு நான் சிரித்ததுண்டு. பச்சையை மறைப்பதா மற்றதை மறைப்பதா என்று கை இரண்டும் போதாமல் திண்டாடுவார்கள். அவ்விடங்களுக்கென்று நீரிற் கழராத தோல் நிற ஒட்டுப் படலம் விற்கிறார்கள். ஹொஷினோ ரிசோர்ட்ஸ் என்ற விடுதிக்காரர் 2015இல் எட்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவிலே அதை முதலில் அனுமதித்துப் பார்த்தனர். உள்ளங்கை அளவு ஓங்காரத்துக்கு அது போதும். முதுகளாவிய முருகனுக்குப் போதாது. முருகன் பெரியவராயிருந்தால், குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளிப்பறையே தகும்.

தேகாப்பியாச சாலையிலே கவனம் வேண்டும். அங்கே சேரும்போது கையொப்பமிடும் பத்திரத்திலே, “நான் காடையர் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன், பச்சை குத்தியவனுமல்லன்” என்ற கருத்துள்ள வாசகம் பல இடங்களில் உண்டு. வாசிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டுவிட்டு, பின்பு உடை மாற்றும் அறையிலே கண்டுபிடிக்கப்பட்டால், அவர்கள் கண்ணிலே அது பச்சை குத்திய குற்றமன்று. பொய் சொன்ன குற்றம். அங்கத்துவம் போகும்; கட்டிய பணமும் திரும்புவது அரிது. ஆகையால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். “தத்தூ க அரிமஸு க, தைஜோபு தெஸ்கா” என்றால், “எனக்குப் பச்சை உண்டு, பரவாயில்லையா” என்று பொருள். இரேசுமி என்ற பழைய சொல்லைச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் முதுகு நிறைந்த காடையரின் சித்திரம் அவர்கள் கண்முன் வந்துவிடும். சில சாலைகள், “நீளக்கைச் சட்டை அணிந்தால் சரி” என்று எழுதியே தந்துவிடும். நாணயமாகக் கேட்டவனை அந்நாட்டார் மறப்பதில்லை.

முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே உங்கள் வேலையிற் பெரும் பகுதி கிழவர்களைக் குளிப்பாட்டுவது. சட்டைக் கையை மடிக்காமல் அது நடவாது. எண்பது, தொண்ணூறு வயதான அப்பாட்டிக்கு உங்கள் கை என்ன சொல்லும் என்பதை வேலைக்குச் சேருமுன்னரே மேற்பார்வையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கேட்ட வாலிபர் ஒருவர், “அவர்களுடைய பயத்துக்கு நாங்கள் ஏன் பணிய வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்லூரிலே ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே போகவேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, “என் நெஞ்சை நான் ஏன் காட்டவேண்டும்?” என்று தர்க்கித்தால் நாம் என்ன சொல்வோம்? இது இவ்விடத்து முறை என்போம். அங்கே மூடச் சொல்கிறார்கள், இங்கே திறக்கச் சொல்கிறோம். இரண்டும் ஓரிடத்தாரின் முறை. அவ்வளவோடு நின்றால் எனக்கும் வழக்கில்லை.

ஆனால் முறை என்பது சிலவேளை முறைகேடாய்விடும். 2013ஆம் ஆண்டு ஹொக்கைதோவிலே, ஐனு மொழி பற்றிய மகாநாட்டுக்கு நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரி மூதாட்டி ஒருவரை, முகத்திலே குலமரபுப் பச்சை இருந்ததென்று ஒரு குளிப்பிடத்தார் உள்ளே விடவில்லை. எந்த மண்ணிலே ஐனுப் பெண்களின் பச்சையை அழித்தார்களோ, அதே மண்ணிலே, அந்த ஐனுக்களுக்கு ஆதரவாக வந்தவருக்கு நேர்ந்த கதி இது. மற்றவர் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று அந்நாட்டு அமைச்சரவையின் தலைமைச் செயலாளரே அப்போது சொன்னார். முகத்தை எந்தப் படலத்தால் ஒட்டி மறைப்பது? இதை நான் முறை என்று சொல்லமாட்டேன். அநியாயம் என்றே சொல்வேன்.

நம் தேசம் மட்டும் சளைத்ததா? 2014இல் மேற்கையிலே புத்தர் உருவத்தைப் பக்தியோடு குத்தியிருந்த ஆங்கிலப் பெண்ணொருவரைக் கட்டுநாயக்காவிலே கைதுசெய்து, தடுத்துவைத்து, நாடு கடத்தினார்கள். 2017 கார்த்திகையிலே நமது உயர் நீதிமன்றம், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்து, அவருக்கு நட்டஈடும் செலவுமாக எட்டு லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. யப்பானியத் தடாகத்திலே காசைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். நாம் சிறைக்கு அனுப்பினோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்களைக் குறை சொல்வோம்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பச்சைக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் சுவஸ்திகத்தை எந்த இடத்திலும் குத்திக்கொண்டு போகாதீர்கள். நமக்கு அது மங்கலச் சின்னம். அவர்களுக்கு அறுபது லட்சம் யூதரின் சாம்பல். நாசிகளின் சின்னத்தைப் பொதுவிடத்திலே காட்டுவது அந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றம். நமது சின்னம் வேறு என்று நீதிபதிக்கு விளக்கிவிடலாம். நீச்சல் தடாகத்திலே நனைந்தபடி நின்று எல்லாருக்கும் விளக்க இயலாது.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகன் வருகிற மாதம் பயணமாம். நெஞ்சிலே வேலும், மணிக்கட்டிலே அம்மா என்ற எழுத்தும் உண்டாம். லேசரால் அழித்துவிட்டு அனுப்பலாமோ என்று கேட்டார். அம்மா, வேண்டாம். அது ஒரு நாளிலே முடியும் காரியமன்று. பல தடவை, இடையிலே வாரக்கணக்காகப் பொறுத்துச் செய்ய வேண்டும். செலவும் அதிகம், சிலருக்குத் தழும்பும் நிற்கும். நெஞ்சிலுள்ள வேலைச் சட்டை மூடிக்கொள்ளும். மணிக்கட்டுக்கு வியர்வைப் பட்டியோ கைக்கடிகாரமோ போதும். உங்கள் பெயரை உங்கள் பிள்ளை கையிலிருந்து நீங்களே சுட்டெடுக்க வேண்டியதில்லை. நீளக்கை நீச்சற்சட்டை இரண்டு வாங்கிப் பெட்டியிலே வைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு அருகிலே சென்தோ எங்கே இருக்கிறதென்று விசாரிக்கச் சொல்லுங்கள்.